ஸ்பானிஷில் சொந்தக் கதை சொல்ல: இறந்தகாலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரம் ஒருமுறை, ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளும் சிலரோடு பேச்சுப் பயிற்சிக்கு உட்காருகிறேன். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, வழி கேட்பது எல்லாம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. "சின்ன வயதில் உங்களுக்கு நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்" என்றதும்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு வரும் சந்தேகங்கள் ஆள் மாறினாலும் மாறுவதில்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். உச்சரிப்பை எப்படியும் காதால் கேட்டுத்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஸ்பானிஷில் மொத்தம் எத்தனை இறந்தகாலம்? எல்லாம் தெரிந்தால்தான் கதை சொல்ல முடியுமா?

வேண்டாம். கதை சொல்ல முக்கால்வாசி வேலையை இரண்டே செய்துவிடும்: இந்தெஃபினீதோ ('அப்லே', பேசினேன்), இம்பெர்ஃபெக்தோ ('அப்லாபா', பேசிக்கொண்டிருந்தேன் அல்லது பேசுவேன்). மூன்றாவதாக ப்ளுஸ்குவாம்பெர்ஃபெக்தோ ('அபீயா அப்லாதோ', அதற்கு முன்பே பேசியிருந்தேன்) அவ்வப்போது தேவைப்படும். நாலாவது பெர்ஃபெக்தோ ('ஏ அப்லாதோ', பேசியிருக்கிறேன்), அது எந்த நாட்டு ஸ்பானிஷ் என்பதைப் பொறுத்தது, பின்னால் வருகிறேன்.

'ஊபே அப்லாதோ' என்று ஐந்தாவது ஒன்றும் உண்டு. பழைய இலக்கிய நடையைத் தாண்டி வெளியே வராது. பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும், கற்றுக்கொள்ள நேரம் செலவழிக்காதீர்கள்.

ஒரு புத்தகத்தில் இந்தெஃபினீதோ, இன்னொன்றில் பெர்ஃபெக்தோ சிம்ப்ளே, மூன்றாவதில் வெறும் ப்ரெத்தேரித்தோ. எதைத்தான் நம்புவது?

மூன்றும் ஒன்றுதான், 'அப்லே'தான். பெயர் மட்டும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. கராகசில் பிறந்து சிலியில் வாழ்ந்த அந்த்ரேஸ் பேயோ 1847-ல் வெளியிட்ட இலக்கணத்தில் இம்பெர்ஃபெக்தோவுக்கு 'கோப்ரெத்தேரித்தோ' என்று பெயர் வைத்தார். மெக்சிகோ பள்ளிகளில் இன்றும் அந்தப் பெயரைக் கேட்கலாம். 2009-ல் வந்த ஸ்பானிஷ் அகாதெமியின் பெரிய இலக்கணம் இரண்டு வகைப் பெயர்களையும் சேர்த்தே கொடுக்கிறது.

எனக்குப் பேயோவின் பெயர்தான் பிடிக்கும். அந்த 'கோ' என்பது 'கூடவே' என்ற பொருளில் வருகிறது. வேறொரு இறந்தகாலச் செயலுக்குக் கூடவே இருந்தது என்று பெயரே சொல்லிவிடுகிறது. இம்பெர்ஃபெக்தோ என்றால் 'முடிவு பெறாதது', அதுவும் தப்பில்லை, ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் எதுவும் விளங்கியதாக நான் பார்க்கவில்லை.

இந்தெஃபினீதோ, இம்பெர்ஃபெக்தோ வித்தியாசத்தை ஒரே வரியில் சொல்லுங்களேன், ப்ளீஸ்.

கதை கேட்பவர் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் வரும் பதில் இந்தெஃபினீதோ. "அப்போது எப்படி இருந்தது, என்ன நடந்துகொண்டிருந்தது?" என்று கேட்டால் வரும் பதில் இம்பெர்ஃபெக்தோ.

முதல் வகை வாக்கியம் கதையை ஒரு அடி முன்னால் தள்ளும். இரண்டாவது வகை கதையை அங்கேயே நிறுத்தி, சுற்றும் முற்றும் பார்க்க வைக்கும். மழை, வயது, மணி, மனநிலை, வழக்கம், உடுத்தியிருந்த சட்டையின் நிறம் எல்லாம் சுற்றும் முற்றும். கதவு தட்டப்பட்டது, திரும்பினேன், ஓடினேன் எல்லாம் முன்னால். இனி வரும் பதில்களில் இதை 'அப்புறம் சோதனை' என்றே சொல்கிறேன்.

தமிழில் இருப்பது ஒரே இறந்தகாலம். அப்புறம் எனக்கு இந்த வித்தியாசம் எப்படிப் பிடிபடும்?

இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். போனேன், போய்க்கொண்டிருந்தேன், போயிருந்தேன், போயிருக்கிறேன் என்று நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பேசுகிறோம், ஒன்றுக்கொன்று குழப்பிக்கொள்வதும் இல்லை. அதோடு இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை: "சின்ன வயதில் தாத்தா தினமும் ராத்திரி கதை சொல்வார், நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம்." சொல்வார், கேட்போம் இரண்டும் வடிவத்தில் எதிர்காலம். ஆனால் தாத்தா இறந்து இருபது வருடம் ஆகியிருக்கலாம்! பழைய வழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்கால வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த 'சொல்வார்' அப்படியே ஸ்பானிஷின் 'கொந்தாபா'. இம்பெர்ஃபெக்தோ.

ஆக, மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'சொல்வார்', 'சொல்லிக்கொண்டிருந்தார்' என்று வந்தால் இம்பெர்ஃபெக்தோ. 'சொன்னார்', 'சொல்லிவிட்டார்' என்று வந்தால் பெரும்பாலும் இந்தெஃபினீதோ. பத்தில் ஏழெட்டு இடத்தில் இந்த ஒன்றே காப்பாற்றும். சறுக்கும் இடங்கள் மூன்று: 'இருந்தது', 'தெரியும்' போன்ற சொற்கள், அப்புறம் 'போயிருந்தேன்'. மூன்றுக்கும் கீழே தனித்தனிக் கேள்வி இருக்கிறது.

ரொம்ப நேரம் நடந்தால் இம்பெர்ஃபெக்தோ, சட்டென்று முடிந்தால் இந்தெஃபினீதோ என்று படித்தேன். சரிதானே?

தப்பு. அதிகம் பேரைக் கெடுத்து வைத்திருக்கும் விதி இதுதான். 'விவீ வெயிந்தே ஆஞோஸ் என் ஏஸா காஸா', அந்த வீட்டில் இருபது வருடம் வாழ்ந்தேன். இருபது வருடம்! ஆனாலும் இந்தெஃபினீதோதான், ஏனென்றால் இருபது என்று எண்ணி மூட்டை கட்டியாயிற்று. 'எஸ்பெரே த்ரேஸ் ஓராஸ்', மூன்று மணி நேரம் காத்திருந்தேன், இதுவும் அப்படித்தான்.

மறுபக்கம் பாருங்கள்: 'செர்ராபா லா புவேர்தா குவாந்தோ சொனோ எல் தெலேஃபொனோ', கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கதவு சாத்த ஒரு நொடி ஆகுமா? ஆனாலும் இம்பெர்ஃபெக்தோ. அந்த ஒரு நொடிக்கு உள்ளே நின்றுகொண்டு போன் அடிப்பதைக் கேட்கிறோம். எவ்வளவு நேரம் என்பது கணக்கே இல்லை, செயலை உள்ளேயிருந்து பார்க்கிறோமா, முடிந்தபின் வெளியே நின்று பார்க்கிறோமா என்பதுதான் கணக்கு.

'அயேர்' வந்தால் இந்தெஃபினீதோ, 'சியெம்ப்ரே' வந்தால் இம்பெர்ஃபெக்தோ. இந்த அடையாளச் சொற்களை மனப்பாடம் செய்தால் போதாதா?

தேர்வில் கோடிட்ட இடம் நிரப்பப் போதும். பேச்சில் கைவிட்டுவிடும். 'அயேர் யொவீயா மூச்சோ குவாந்தோ சலீ', நேற்று நான் கிளம்பியபோது பலத்த மழை. நேற்று என்று இருக்கிறது, மழை இம்பெர்ஃபெக்தோவில்தான் இருக்கிறது. 'சியெம்ப்ரே கீஸோ சேர் மேதிகோ', அவர் எப்போதும் டாக்டராக ஆசைப்பட்டார், 'எப்போதும்' இருந்தும் இந்தெஃபினீதோ, ஒரு வாழ்நாளை மொத்தமாகத் திரும்பிப் பார்க்கிறார்கள். 'தோதோஸ் லோஸ் தீயாஸ் தே அகேயா செமானா ஃபுயி அல் ஒஸ்பிதால்', அந்த வாரம் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தினமும்தான், ஆனால் வாரம் ஒரு வேலி போட்டுவிட்டது.

'இருந்தேன்' என்பதற்கு எஸ்தாபா, எஸ்தூவே, ஏரா, ஃபுயி என்று நாலு இருக்கிறதே, தலை சுற்றுகிறது.

இரண்டு கேள்வியாகப் பிரியுங்கள். முதலில் 'சேர்' வினையா, 'எஸ்தார்' வினையா. அது நிகழ்காலத்தில் நீங்கள் ஏற்கெனவே போட்ட சண்டை, இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. அதன்பிறகு எந்தக் காலம் என்பது. 'எஸ்தாபா என் மத்ரீத்' என்றால் மாட்ரிட்டில் இருந்தேன், அப்போது ஏதோ நடந்தது என்று கேட்பவர் காத்திருப்பார். 'எஸ்தூவே என் மத்ரீத்' என்றால் போய் இருந்துவிட்டு வந்தாயிற்று, கதை முடிந்தது. 'லா ஃபியெஸ்தா ஃபுவே உன் தெஸாஸ்த்ரே' என்றால் விருந்து மொத்தமும் சொதப்பல் என்று தீர்ப்பு. 'லா ஃபியெஸ்தா ஏரா உன் தெஸாஸ்த்ரே' என்றால் விருந்தின் நடுவில் நிற்கிறோம், இன்னும் சொதப்பிக்கொண்டிருக்கிறது, ஒருவேளை யாராவது வந்து காப்பாற்றலாம்.

கூட்டம் இருந்தது, விபத்து நடந்தது என்பதற்கும் இதே கணக்குதான். 'அபீயா மூச்சா ஹேந்தே' (நிறையப் பேர் இருந்தார்கள், பின்னணி), 'ஊபோ உன் அக்சிதேந்தே' (ஒரு விபத்து நடந்தது, அப்புறம்!). இந்த 'அபீயா', 'ஊபோ' இரண்டும் பன்மைக்கும் ஒருமையாகவே நிற்கும் என்பது விதி. இந்தப் பொருளில் 'அபீயான்' என்று தெருவில் கேட்கலாம், எழுதாதீர்கள்.

சபீயா, சூபே இரண்டுமே 'தெரிந்தது'தானே? அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது.

அகராதியை மூடிவிட்டுத் தமிழில் யோசியுங்கள். "எனக்கு அப்போதே தெரியும்" என்பது 'சபீயா'. "அப்போதுதான் தெரிய வந்தது" என்பது 'சூபே'. தமிழில் 'தெரியும்' என்ற சொல்லுக்குக் காலமே ஒட்டவில்லை பாருங்கள், அது ஒரு நிலை. தெரியாததிலிருந்து தெரிந்ததற்குத் தாண்டும் அந்தக் கணம்தான் சூபே. 'அப்புறம் சோதனை'யும் இதைத்தான் சொல்லும்.

இதே மாதிரி ஒரு குடும்பமே இருக்கிறது. 'கொனொசீயா' என்றால் அவரை எனக்கு ஏற்கெனவே பழக்கம், 'கொனொசீ' என்றால் அன்றுதான் அறிமுகமானார். 'மே குஸ்தாபா' எனக்குப் பிடிக்கும் (அந்தக் காலத்தில்), 'மே குஸ்தோ' பார்த்ததும் பிடித்துப்போனது. 'நோ கெரீயா வெனீர்' என்றால் வர விருப்பமில்லை, வந்தாரா என்று தெரியாது. 'நோ கீஸோ வெனீர்' என்றால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், வரவில்லை.

எல்லாவற்றிலும் சிக்கலானது 'வேண்டியிருந்தது'. "நான் போக வேண்டியிருந்தது" என்று தமிழில் சொன்னால் போனீர்களா இல்லையா? சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பானிஷ் அங்கே பிரித்துவிடுகிறது: 'தெனீயா கே ஈர்' என்றால் போகவேண்டிய நிலை, போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். 'தூவே கே ஈர்' என்றால் வேறு வழியில்லாமல் போனேன், போயாயிற்று. நேரத்துக்கு வராத ஒருவர் 'தெனீயா கே வெனீர்' என்று ஆரம்பித்தால் சாக்கு வருகிறது என்று அர்த்தம்.

எழுந்து, குளித்து, உடுத்திக்கொண்டு கிளம்பினேன் என்று சங்கிலியாகச் சொல்ல முடியுமா?

தமிழ் பேசுபவர்கள் எளிதில் விழும் குழி இது. நமக்குக் கடைசி வினை ஒன்றுதான் முற்று, மற்றதெல்லாம் எச்சம். அந்தப் பழக்கத்தில் 'லெவந்தாந்தொமே, துச்சாந்தொமே...' என்று ஆந்தோ, இயேந்தோ விகுதிகளை அடுக்குகிறோம். கேட்பவருக்கு ஒரே ஆள் ஒரே நேரத்தில் எழுந்தும் குளித்தும் கிளம்பியும் கொண்டிருப்பதாகத் தோன்றும். ஸ்பானிஷில் ஒவ்வொன்றும் முற்றாக நிற்க வேண்டும்: 'மே லெவந்தே, மே துச்சே, மே வெஸ்தீ ஈ சலீ.' நாலும் இந்தெஃபினீதோ. ஆரம்பத்தில் மொட்டை மொட்டையாகத் தெரியும், போகப் போகப் பழகிவிடும்.

'குளித்துவிட்டு' என்று அழுத்த வேண்டுமென்றால் 'தெஸ்புவேஸ் தே துச்சார்மே'. 'வெளியே வந்ததும்' என்பதற்கு 'அல் சலீர்'. இந்த இரண்டும் கையில் இருந்தால் எச்சம் இல்லாத குறை பாதி தீரும்.

ஒழுங்கற்ற வடிவங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எதிலிருந்து ஆரம்பிப்பது?

இம்பெர்ஃபெக்தோவில் ஒழுங்கற்ற வினைகள் மொத்தமே மூன்றுதான்: ஏரா, ஈபா, வெயீயா. ஐந்து நிமிட வேலை. பாடெல்லாம் இந்தெஃபினீதோவில்தான். கதை சொல்ல முதலில் வேண்டியவை: ஃபுயி, தூவே, எஸ்தூவே, ஈஸே, தீஹே, வீனே, பூஸே, பூதே, கீஸே, சூபே, த்ராஹே, தி, வி. 'ஃபுயி' என்பதற்குப் போனேன் என்றும் பொருள், இருந்தேன் என்றும் பொருள். பயப்படாதீர்கள், வாக்கியத்தில் ஒருபோதும் குழம்பாது. 'சொன்னார்கள்' என்பது 'திஹேரோன்', 'திஹியேரோன்' அல்ல, அது எல்லோரும் செய்யும் தப்பு.

அழுத்தம் முக்கியம். 'ஆப்லோ' என்று முதல் அசையை அழுத்தினால் நான் பேசுகிறேன். 'அப்லோ' என்று கடைசியை அழுத்தினால் அவர் பேசினார். ஆளும் மாறுகிறார், காலமும் மாறுகிறது. ஒழுங்கற்றவற்றில் தலைகீழ், 'தூவே', 'ஈஸே' எல்லாவற்றிலும் அழுத்தம் முன்னால்தான் விழும்.

விதி எல்லாம் புரிகிறது, கதை வரமாட்டேன் என்கிறது. ஒரு முழுக் கதையை எடுத்துக் காட்ட முடியுமா?

என்னுடையதையே எடுத்துக்கொள்வோம். ஏழு வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது தாத்தாவின் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு அங்கேயே தூங்கிப்போனேன், வீடே தேடியது. முதல் தடவை ஸ்பானிஷில் இப்படிச் சொன்னேன்: 'தூவே சியேதே ஆஞோஸ். ஃபுவே தொமிங்கோ ஈ யொவியோ. ஹுகாமோஸ் அல் எஸ்கொந்தீதே. மே மெத்தீ என் எல் அர்மாரியோ...' எல்லாமே இந்தெஃபினீதோ. போலீஸில் கொடுத்த வாக்குமூலம் மாதிரி இருந்தது. ஏழு வயது ஆனேன், ஞாயிறு வந்தது, மழை பெய்தது, விளையாடி முடித்தோம், அதற்கப்புறம் அலமாரிக்குள் போனேன். விளையாட்டு முடிந்தபிறகு எதற்கு ஒளிந்தாய் என்று கேட்டவர் விழித்தார். நியாயமான கேள்வி.

திருத்தியது இது: 'தெனீயா சியேதே ஆஞோஸ். ஏரா தொமிங்கோ ஈ யொவீயா. மிஸ் ப்ரீமோஸ் ஈ யோ ஹுகாபாமோஸ் அல் எஸ்கொந்தீதே. மே மெத்தீ என் எல் அர்மாரியோ தெல் அபுவேலோ. ஒலீயா ஆ மதேரா வியேஹா. மே தொர்மீ. குவாந்தோ அப்ரீ லோஸ் ஓஹோஸ், லா காஸா எஸ்தாபா என் சிலென்சியோ. தோதோஸ் அபீயான் சலீதோ ஆ புஸ்கார்மே. மி மாத்ரே யொராபா என் லா எஸ்கலேரா. அப்ரீ லா புவேர்தா ஈ தீஹே: கனே?' தமிழில்: எனக்கு ஏழு வயது. அன்று ஞாயிறு, மழை பெய்துகொண்டிருந்தது. மாமா பிள்ளைகளும் நானும் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தோம். தாத்தாவின் அலமாரிக்குள் புகுந்தேன். பழைய மர வாசனை. தூங்கிப்போனேன். கண் திறந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. எல்லோரும் என்னைத் தேடப் போயிருந்தார்கள். அம்மா படிக்கட்டில் அழுதுகொண்டிருந்தார். கதவைத் திறந்து, "நான் ஜெயிச்சேனா?" என்றேன்.

இந்தெஃபினீதோவை மட்டும் எண்ணுங்கள்: புகுந்தேன், தூங்கிப்போனேன், கண் திறந்தேன், கதவு திறந்தேன், கேட்டேன். ஐந்தே ஐந்து, எலும்புக்கூடு அவ்வளவுதான். மற்றதையெல்லாம் எடுத்துவிட்டாலும் என்ன நடந்தது என்பது விளங்கும், ஆனால் கேட்க நன்றாக இருக்காது. 'மே தொர்மீ'யைக் கொஞ்சம் கவனியுங்கள். தூக்கம் நிலைதானே, ஏன் இந்தெஃபினீதோ? அங்கே சொல்வது தூக்கத்தை அல்ல, விழிப்பிலிருந்து தூக்கத்துக்குள் விழுந்த கணத்தை. 'தொர்மீயா' என்றால் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தேன் என்றாகிவிடும். சூபே கதைதான் இதுவும்.

கடைசி வரியின் தொடக்கத்தை முதலில் 'சலீ தெல் அர்மாரியோ', அலமாரியிலிருந்து வெளியே வந்தேன், என்று எழுதியிருந்தேன். கேட்டவர் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார். தன் பாலின ஈர்ப்பை வெளிப்படையாக அறிவிப்பதற்கு ஸ்பானிஷில் அதுதான் சொல்வழக்கு. ஏழு வயதில் அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை, கதவைத் திறந்ததாக மாற்றிக்கொண்டேன்.

அந்த 'அபீயான் சலீதோ' எதற்கு? தமிழில் 'போயிருந்தேன்' வரும் இடமெல்லாம் இதைப் போடலாமா?

போடக்கூடாது. கதையில் அது வந்த காரணம், அவர்கள் கிளம்பியது நான் கண் திறப்பதற்கு முன்னால். கதை ஓடும் வரிசையிலிருந்து ஒரு அடி பின்னால் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது, அதற்குத்தான் ப்ளுஸ்குவாம்பெர்ஃபெக்தோ. வரிசைப்படி சொல்லிக்கொண்டே போகிறீர்கள் என்றால் அது தேவையே இல்லை.

தமிழில் "நேற்று டாக்டரிடம் போயிருந்தேன்" என்று சும்மாவே சொல்வோம். எதற்கும் முன்னால் போகவில்லை, போனேன் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அதை அப்படியே 'அயேர் அபீயா இதோ...' என்று ஆரம்பித்தால், எதற்கு முன்னால் என்று கேட்பவர் அடுத்த பாதிக்காகக் காத்திருப்பார், நீங்கள் நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பீர்கள். 'அயேர் ஃபுயி அல் மேதிகோ.' அவ்வளவுதான்.

ஸ்பெயின்காரர் 'ஏ கொமீதோ' என்கிறார், மெக்சிகோக்காரர் 'கொமீ' என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் சரி. ஸ்பெயினின் பெரும்பகுதியில் இன்று, இந்த வாரம், இந்த வருடம் என்று இன்னும் முடியாத காலத்துக்குள் நடந்ததற்கு பெர்ஃபெக்தோ: 'ஒய் ஏ கொமீதோ தார்தே', இன்று தாமதமாகச் சாப்பிட்டேன். லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் 'ஒய் கொமீ தார்தே'. ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியா, அஸ்தூரியாஸ், கனரித் தீவுகளில் இந்தெஃபினீதோ பக்கம்தான் சாய்வார்கள். ஆண்டிஸ் மலைப்பகுதியில் வேறு கணக்கு, அங்கே பெர்ஃபெக்தோ அதிகம் புழங்கும்.

என் கதையின் கடைசிச் சொல்லையே பாருங்கள். மாட்ரிட் பையன் என்றால் 'ஏ கனாதோ?' என்று கேட்டிருப்பான், பொகோத்தா பையன் 'கனே?' என்றிருப்பான். கதையின் மற்ற வரிகள் இருவருக்கும் ஒன்றேதான், அது முடிந்துபோன பழைய நாள் என்பதால். ஆகவே சொந்தக் கதை சொல்ல இது பெரிய தலைவலி இல்லை. யாரோடு அதிகம் பேசுகிறீர்களோ அவர்கள் பாணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், நாளுக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

"நாளைக்கு வருகிறேன் என்று சொன்னார்" என்பதை எப்படிச் சொல்வது? வருகிறேன் நிகழ்காலம் ஆச்சே?

தமிழில் 'என்று' என்ற ஒரு சொல் எல்லாப் பாரத்தையும் தாங்கிக்கொள்கிறது, உள்ளே இருப்பதைத் தொடவே வேண்டாம். ஸ்பானிஷில் 'கே' போட்டதும் உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் நகரும். 'வருகிறேன்' என்றது 'தீஹோ கே வெனீயா' ஆகும். 'வருவேன்' என்றது 'தீஹோ கே வெந்த்ரீயா'. 'வந்தேன்' என்றது 'தீஹோ கே அபீயா வெனீதோ'. சங்கடமாக இருந்தால் பேச்சில் நேரடியாகவே சொல்லிவிடலாம்: 'மே தீஹோ: வெங்கோ மஞானா.' கதை சொல்பவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், கொஞ்சம் நடித்தும் காட்டலாம்.

ஒரே வாக்கியத்தை இரண்டு காலத்திலும் எழுதினேன், இரண்டும் சரி என்கிறார் ஆசிரியர். அப்போ விதி எதற்கு?

இலக்கணம் இரண்டையும் விடும், கதை விடாது. கண் திறந்து வெளியே வந்தபோது 'மி மாத்ரே யொராபா' என்றேன். அம்மா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார், நான் இல்லாத நேரம் முழுக்க அந்த அழுகையில் இருக்கிறது. அதையே 'குவாந்தோ மே வியோ, மி மாத்ரே யொரோ' என்று சொல்லியிருந்தால், என்னைப் பார்த்தார், அப்புறம் அழுதார். முன்னது பயத்தின் அழுகை, பின்னது நிம்மதியின் அழுகை. ஒரு விகுதி வித்தியாசத்தில் அம்மாவின் மதியம் மாறிவிட்டது. எது நடந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும், ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

'போகலாம் என்று இருந்தேன், அதற்குள்...' இதை எப்படிச் சொல்வது? அடிக்கடி தேவைப்படுகிறது.

'ஈபா ஆ' போட்டு வினையின் மூல வடிவம். 'ஈபா ஆ சலீர் குவாந்தோ சொனோ எல் தெலேஃபொனோ', கிளம்பலாம் என்று இருந்தேன், அதற்குள் போன். இங்கே 'ஃபுயி ஆ சலீர்' வராது. சாக்கு சொல்லவும் கைகொடுக்கும், 'தே ஈபா ஆ யமார்', உன்னைக் கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன்.

கதை நடுவில் திடீரென்று நிகழ்காலத்துக்குத் தாவுகிறார்களே, அது தப்பில்லையா?

நாமும் அதைத்தான் செய்கிறோம். "நேற்று பஸ்ஸில் போறேன், ஒருத்தன் வந்து பக்கத்துல உட்கார்றான்..." அதேதான், 'யேகா ஈ மே தீசே...' (வர்றான், என்கிட்ட சொல்றான்...), பரபரப்பான கட்டத்தில் கேட்பவரை உள்ளே இழுக்க. செய்யலாம், ஆனால் தாவினால் அந்தக் கட்டம் முடியும்வரை அங்கேயே இருங்கள். ஒரு வாக்கியம் இங்கே, ஒரு வாக்கியம் அங்கே என்றால் காலம் தெரியாமல் உளறுகிறார் என்றுதான் நினைப்பார்கள். முதலில் இறந்தகாலத்தில் ஒழுங்காகச் சொல்லப் பழகிவிட்டு அப்புறம் தாவுவது நல்லது.

பூங்காவில் இரண்டு குழந்தைகள் 'யோ ஏரா எல் ரேய் ஈ தூ ஏராஸ் எல் த்ரகோன்' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ராஜாவாக இருந்தேன், நீ டிராகனாக இருந்தாய் என்றா? எப்போது இருந்தார்களாம்?

எப்போதும் இல்லை, இனிமேல்தான். நம் குழந்தைகள் "நான்தான் ராஜாவாம், நீ டிராகனாம்" என்று 'ஆம்' போட்டு ஆரம்பிப்பார்களே, அந்த வேலையை அங்கே இம்பெர்ஃபெக்தோ செய்கிறது. மேடையை அமைக்கிறார்கள்: யார் யார், எங்கே நிற்கிறோம், கையில் என்ன. இன்னும் எதுவும் நடக்கவில்லை, அதனால் 'அப்புறம்' வரவில்லை. டிராகன் பாய்ந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஓடியிருப்பார்களே.